பற்றாசுக்கோலும் ஈயக்கம்பியும்: வாங்குமுன் அறிய வேண்டியவை

தறியும் ஏரும் தொன்றுதொட்டு வருபவையாயினும், அவற்றைச் சூழ்ந்துள்ள கருவிகள் இன்று பெரிதும் மாறிவிட்டன. பட்டுத் தறிகள் சிலவற்றின் மேல், துளையிட்ட அட்டைகளுக்குப் பதிலாக, மின்காந்தங்களைக் கொண்டு பாவிழைகளைத் தெரிந்து தூக்கும் எலக்ட்ரானிக் ஜக்கார்டுப் பெட்டிகள் அமர்ந்துள்ளன. தார் சுற்றும் இராட்டையைச் சிறு மோட்டார் சுழற்றுகிறது. முதுகில் சுமக்கும் மருந்துத் தெளிப்பானுக்குள் 12 வோல்ட் பாட்டரியும் ஒரு சிறு பம்பும் புகுந்துவிட்டன. சொட்டுநீர்க் குழாய்களைக் குறித்த நேரத்தில் திறந்து மூடும் கருவிகளையும் பல தோட்டங்களில் காண்கிறோம்.

இத்தகைய கருவி திடீரென்று நின்றுவிட்டால், உள்ளே ஏதோ பெரும் பழுது நேர்ந்துவிட்டதென்று நாம் அஞ்சுகிறோம். ஆயினும் பல வேளைகளில் உறுப்பு எதுவும் கெட்டிருப்பதில்லை. ஓயாத அதிர்ச்சியினால் ஒரு கம்பி தன் பற்றை விட்டிருக்கும், அவ்வளவே. பயிரில் பூச்சி கண்ட நாளில் தெளிப்பான் நின்றாலும், முகூர்த்தத்திற்குக் கொடுக்க வேண்டிய சேலை தறியிலிருக்கும்போது ஜக்கார்டு நின்றாலும், நகரத்துப் பழுதுபார்ப்பவருக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் நமக்கு இழப்பே. அந்தப் பற்றை நாமே இட்டுக்கொள்ளக் கூடும். ஆனால் தகாத கோலையும் தகாத ஈயத்தையும் கொண்டு இடுவோமாயின், பிழைத்திருந்த கருவியும் பாழாகும். ஆகவே இவ்விரண்டையும் தெரிந்தெடுக்கும் முறையை அங்கத்தினர்களுக்கு விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பற்று என்பது யாது?

இரண்டு உலோகத் துண்டுகளை, அவற்றைக் காட்டிலும் எளிதில் உருகும் மூன்றாவது உலோகம் ஒன்றினால் இணைப்பதே பற்றவைத்தல். அந்த மூன்றாவது உலோகத்திற்குப் பற்றாசு என்பது பழம்பெயர். கடைகளில் ஈயக்கம்பி என்றோ சால்டர் என்றோ கேட்டால் கிடைக்கும். அதனை உருக்கும் மின்சாரக் கருவியைச் சால்டரிங் அயர்ன் என்பர். நாம் இங்கே பற்றாசுக்கோல் என்றே வழங்குவோம்.

ஈயம் என்று பொதுவாகச் சொன்னாலும் அது இருவகைப்படும். ஒன்று வெள்ளீயம்; மற்றது காரீயம். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு நல்ல வெள்ளீயத்தால் ஆனது. உள்ளே ரசம் இருக்கும்வரை சூடு ஏறாமல் காக்கப்படும் அச்சொம்பு, வெறுமையாக அடுப்பில் ஏற்றப்பட்டால் உருகி விழுந்துவிடும் என்பதை நம் இல்லத்துப் பெண்மணிகள் நன்கறிவர். வெள்ளீயம் 232 டிகிரி சென்டிகிரேடு சூட்டிலும், காரீயம் 327 டிகிரியிலும் உருகும். வியப்பு யாதெனில், 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் சேர்ந்த கலவை இவ்விரண்டிற்கும் கீழே, 183 டிகிரியிலேயே உருகிவிடுகிறது. மின்னணுக் கருவிகளின் மெல்லிய உறுப்புகளை அதிகம் சுடாமல் இணைக்க இக்கலவை ஏற்றதாயிருப்பதற்குக் காரணம் இதுவே.

உருகிய ஈயம் பசைபோல் வெறுமனே ஒட்டிக்கொள்வதில்லை. அதிலுள்ள வெள்ளீயம் செம்புக் கம்பியின் மேற்பரப்போடு கலந்து மிக மெல்லிய ஒரு கலப்புலோகப் படலத்தை உண்டாக்குகிறது. அப்படலமே பற்று. அது உண்டாவதற்கு இரண்டு நிபந்தனைகள் உள்ளன. செம்பு களிம்பின்றித் தூய்மையாக இருத்தல் வேண்டும். செம்பும் ஈயம் உருகும் அளவுக்குச் சூடேறியிருத்தல் வேண்டும். முதல் நிபந்தனைக்கு உதவுவது கம்பியின் உள்ளேயுள்ள மருந்து. இரண்டாவதற்கு உதவுவது கோல். கோலையும் கம்பியையும் பற்றிய விதிகள் யாவும் இவ்விரு நிபந்தனைகளிலிருந்தே பிறக்கின்றன.

கோலைத் தெரிந்தெடுத்தல்

கடைக்காரர் முதலில், "எத்தனை வாட்?" என்று கேட்பார். வாட் மிகுந்தால் சூடு மிகும் என்று பலர் எண்ணுகின்றனர். அது முழு உண்மையன்று. கிணற்றடித் தொட்டியில் நீர் நிற்கும் உயரம் வேறு. வாய்க்காலில் வந்து சேரும் நீரின் அளவு வேறு. முனையின் சூடு தொட்டியில் நிற்கும் நீரின் உயரம் போன்றது. வாட் என்பது அத்தொட்டிக்கு வந்து நிரம்பும் நீரின் அளவைப் போன்றது. மெல்லிய கம்பியைத் தொட்டால் சிறிதளவு வெப்பமே செலவாகும். பாட்டரியின் தடித்த கம்பியையோ அகன்ற செப்புத் தகட்டையோ தொட்டால் வெப்பம் விரைந்து ஓடிவிடும். வரத்து குறைந்த கோலின் முனை உடனே குளிர்ந்துபோகும். குளிர்ந்த முனையை அழுத்திக்கொண்டு நெடுநேரம் காத்திருப்போமாயின், பற்று உண்டாவதற்குள் சூடு கம்பி வழியே பரவி, மேலுறையை உருக்கி, அருகிலுள்ள உறுப்புகளையும் கெடுத்துவிடும். போதிய வெப்பத்தோடு இரண்டு மூன்று நொடிகளில் வேலையை முடிப்பதே உறுப்புகளுக்குப் பாதுகாப்பு.

கடைகளில் கிடைப்பவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, 25 வாட் அளவுள்ள சாதாரணக் கோல். விலை குறைவு, மெல்லிய கம்பிகளுக்கும் சிறு பலகைகளுக்கும் போதுமானது. ஆனால் இதில் சூட்டைக் கட்டுப்படுத்தும் அமைப்பு இல்லை. வேலையின்றி வைத்திருக்கும்போது சூடு தேவைக்கு மேல் ஏறி முனை கறுத்துப்போகும். தடித்த கம்பியைத் தொட்டாலோ சூடு இறங்கிவிடும். இரண்டாவது, வெப்பக் கட்டுப்பாடு உடைய 60 வாட் அளவிலான கோல். வேண்டிய சூட்டைக் குறித்துவிட்டால், குறையும்போது மின்சாரத்தைக் கூட்டியும், ஏறும்போது குறைத்தும் அது தானே காத்துக்கொள்ளும். மூன்றாவது, 100 வாட்டும் அதற்கு மேலும் உள்ள பெருங்கோல். தகர வேலைக்கும் தடித்த பட்டைகளுக்கும் ஆனது இது. மின்சுற்றுப் பலகைக்கு ஆகாது.

ஒரே ஒரு கோல்தான் வாங்க இயலுமென்றால், இரண்டாவது வகையையே வாங்குதல் நன்று. காரீயம் கலந்த கம்பிக்கு 320 முதல் 350 டிகிரி வரையிலும், காரீயமில்லாக் கம்பிக்கு 350 முதல் 380 டிகிரி வரையிலும் முனையின் சூடு இருந்தால் போதும். ஈயம் 183 டிகிரியிலேயே உருகும்போது இத்தனை சூடு ஏன் என்று சிலர் வினவலாம். முனையிலிருந்து கம்பிக்கு வெப்பம் விரைந்து பாய, இரண்டிற்கும் இடையே ஏற்றத்தாழ்வு இருத்தல் வேண்டும். மேட்டிலிருந்தே நீர் பள்ளத்திற்கு ஓடுகிறது.

அடுத்தது முனை. இதனைத் தொழிலாளர் பிட் என்பர். புதியவர்கள் ஊசிபோல் கூரிய முனையையே விரும்புகின்றனர். அது நுண்ணிய வேலைக்கு உகந்ததெனத் தோன்றும். ஆனால் ஊசிமுனை கம்பியை ஒரு புள்ளியில் மட்டுமே தொடுவதால் வெப்பம் பாய்வதில்லை. 2 முதல் 3 மில்லிமீட்டர் அகலமுள்ள உளிவாய் முனையே நம் வேலைகளில் பெரும்பாலானவற்றிற்கு ஏற்றது.

வெறும் செம்பினாலான முனை விலை மலிவு. ஆயினும் உருகிய வெள்ளீயம் செம்பைச் சிறிது சிறிதாகக் கரைத்துவிடும். முனையில் குழி விழும். அரத்தால் ராவித் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். செம்பின் மேல் இரும்பு முலாம் பூசிய முனை நெடுநாள் உழைக்கும். இதனை ஒருபோதும் ராவுதல் கூடாது. முலாம் போனால் முனையும் போயிற்று. ஈரமான பஞ்சுத்துண்டிலோ பித்தளைச் சுருளிலோ துடைத்து, வேலை முடிந்து அணைக்குமுன் முனையில் சிறிது ஈயத்தைப் பூசி வைத்தால் போதும்.

மூன்று முள் கொண்ட பிளக்கு உடைய கோலையே வாங்குக. மூன்றாவது முள் முனையை நிலத்தோடு இணைக்கிறது. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். கோலின் உள்ளே கசிவு ஏற்பட்டால், நிலத்தொடர்பு இல்லாத முனை தொடுபவரையும் தாக்கும்; தொடப்படும் நுண்ணுறுப்புகளையும் அழிக்கும். வறண்ட நாட்களில் செயற்கை இழைகள் ஒன்றையொன்று பற்றிச் சிலிர்த்து நிற்பதை நெசவாளர் கண்டிருப்பர். அந்த உராய்வு மின்சாரம் நம் உடலிலும் தங்கி, விரல் பட்டவுடன் சில நுண்ணுறுப்புகளைக் கெடுத்துவிடக் கூடும். எனவே பலகையைத் தொடுமுன், நிலத்தொடர்புள்ள ஓர் உலோகத்தைத் தொட்டுக்கொள்ளுதல் நல்ல பழக்கம்.

கம்பியைத் தெரிந்தெடுத்தல்

ஈயக்கம்பியின் சுருளில் அதன் கலவை அச்சிடப்பட்டிருக்கும். 'எஸ்.என்.' என்பது வெள்ளீயத்தையும், 'பி.பி.' என்பது காரீயத்தையும், 'ஏ.ஜி.' என்பது வெள்ளியையும், 'சி.யு.' என்பது செம்பையும் குறிக்கும். எஸ்.என். 63, பி.பி. 37 என்றிருந்தால் அது மேலே சொன்ன கலவை. இதன் சிறப்பு, உருகிய நிலையிலிருந்து நேரே கெட்டியாவது. இடையே குழம்பு நிலை இல்லை. 60க்கு 40 என்ற கலவை 183 டிகிரிக்கும் ஏறத்தாழ 190 டிகிரிக்கும் இடையே சிறிது நேரம் குழம்பாக இருக்கும். அப்போது கை அசைந்தால் பற்றில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். எனினும் கவனமாகச் செய்பவருக்கு இதுவும் நல்ல கம்பியே. காரீயம் மிகமிகக் குழம்பு நிலையும் நீளும். உருகும் சூடும் ஏறும்.

வெள்ளீயம் காரீயத்தைக் காட்டிலும் விலை மிக உயர்ந்தது. எனவே கலவையின் பெயரை மட்டும் போட்டு, உள்ளே காரீயத்தை மிகுத்து விற்பவரும் உண்டு. விலை வழக்கத்திற்கு மிகவும் குறைவாயிருந்தாலும், ஈயம் மந்தமாக உருகி நெடுநேரம் கூழ்போல் இருந்தாலும், பற்று சாம்பல் நிறமாகச் சொரசொரத்திருந்தாலும் ஐயுறுதல் வேண்டும். கலவை அச்சிடப்படாத சுருளை வாங்காதிருப்பதே மேல்.

காரீயமில்லாக் கம்பிகளில் இரண்டு பெரிதும் வழங்குகின்றன. 96.5 பங்கு வெள்ளீயம், 3 பங்கு வெள்ளி, அரைப் பங்கு செம்பு சேர்ந்தது ஒன்று. இது 217 முதல் 220 டிகிரியில் உருகும். 99.3 பங்கு வெள்ளீயமும் 0.7 பங்கு செம்பும் சேர்ந்தது மற்றொன்று. இது 227 டிகிரியில் உருகும். வெள்ளியின்மையால் விலையும் குறைவு.

கம்பியின் பருமனும் கவனிக்கத்தக்கது. பொதுவேலைக்கு 0.7 முதல் 1 மில்லிமீட்டர் வரை போதும். நெருங்கிய கால்களையுடைய பலகைகளுக்கு அரை மில்லிமீட்டர் வேண்டும். பருத்த கம்பியானால் ஈயம் அளவுக்கு மீறி வழிந்து, அடுத்தடுத்த இரு கால்களையும் ஒன்றாக்கிவிடும்.

உள்ளே இருக்கும் மருந்து

மேற்கூறிய எல்லாவற்றினும் மிகுந்த எச்சரிக்கை வேண்டுவது இவ்விடமே. களிம்பை நீக்கும் மருந்தை ஆங்கிலப் பெயரால் பிளக்ஸ் என்பர். நல்ல ஈயக்கம்பி உள்ளே துளையுடையது. அத்துளையில் பைன் மரப் பிசினிலிருந்து எடுத்த ரோசின் நிரப்பப்பட்டிருக்கும். அது சூட்டில் உருகிக் களிம்பை நீக்கும். குளிர்ந்தபின் உறைந்து பெரும்பாலும் தீங்கின்றிக் கிடக்கும்.

பாத்திரங்களுக்கு ஈயம் பூசுவோர் நவச்சாரத்தையும், தகர வேலை செய்வோர் துத்தநாக உப்புக் கரைசலையும் பயன்படுத்துகின்றனர். அவர்கள் வேலைக்கு அவை தக்கவையே. பின்னர் நீரால் கழுவிவிடுவார்கள். மின்சுற்றுப் பலகையிலோ கம்பிப் பின்னலின் உள்ளேயோ முழுதும் கழுவ இயலாது. எஞ்சிய உப்பு காற்றின் ஈரத்தை ஈர்த்து, செம்பை நாள்தோறும் அரிக்கும். இரண்டு முனைகளுக்கு இடையே மின்சாரம் கசியவும் வழி செய்யும். பற்றிட்ட அன்று எல்லாம் நன்றாகவே இருக்கும். சில திங்கள் கழித்துப் பச்சைக் களிம்பு பூத்துக் கம்பி அற்று விழும்போதுதான் பிழை வெளிப்படும். உரமும் பூச்சிமருந்தும் ஈரமும் பட்டுக்கொண்டிருக்கும் தெளிப்பானில் இது இன்னும் விரைந்து நிகழும். ஆகவே அமிலம் கலந்த பேஸ்ட்டை மின்னணு வேலைக்கு ஒருபோதும் தொடலாகாது. டப்பாவில் ரோசின் என்று குறித்திருக்கிறதா என்று பார்த்தே வாங்குக.

சிறு கசிவு எவ்வளவு பெருந்தீங்கு விளைக்கும் என்பதற்கு மின்னணுத் தராசு நல்ல எடுத்துக்காட்டு. அதன் தட்டின் கீழுள்ள உணர்கருவி ஒரு வோல்ட்டுக்கு 2 மில்லிவோல்ட் வீதம் தருவதென்றும், அதற்கு 5 வோல்ட் கொடுக்கப்படுகிறதென்றும் கொள்வோம். முழு எடை ஏற்றினாலும் அதிலிருந்து வருவது 10 மில்லிவோல்ட்தான். 50 கிலோத் தராசாயின் 100 கிராமுக்கு ஒரு மில்லிவோல்ட்டில் ஐம்பதில் ஒரு பங்கே நேரும். இவ்வளவு நுண்ணிய அளவை, உப்புப் படிந்த ஒரு பற்று மாற்றிவிடாதா? அங்கத்தினர் கொண்டுவரும் நூலுக்கும் பருத்திக்கும் கிடைக்கும் பணம் அத்தராசின் எண்ணைப் பொறுத்ததன்றோ!

காரீயமும் நம் இல்லமும்

காரீயம் நஞ்சு. அது சிறிது சிறிதாக உடலில் சேர்ந்து, குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இன்ன அளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. பற்றவைக்கும் சூட்டில் காரீயம் ஆவியாகிப் பரவுவதில்லை. அது விரல்களில் படிந்து, வாய்வழியே உட்செல்கிறது. புகையாக எழுவது ரோசினே. அதுவும் மூச்சுக்குழலை உறுத்தி ஆஸ்துமாவை உண்டாக்கக் கூடியது. பஞ்சுத் தூசியினால் இருமல் உடையவர்கள் அப்புகைக்கு முகம் கொடாமல், சன்னலருகே அமர்ந்து வேலை செய்தல் வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை முதல் நாளிலிருந்து மின்னணுப் பொருள்களில் காரீயத்தைக் கட்டுப்படுத்தியது. நம் நாட்டிலும் 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள், சில விலக்குகள் நீங்கலாக, நூற்றுக்கு 0.1 பங்குக்கு மேல் காரீயம் கூடாதென வரையறுக்கின்றன. எனவே இப்போது வாங்கும் கருவிகளின் பற்றுகள் பெரும்பாலும் காரீயமில்லாதவையே. அவற்றைப் பழுதுபார்க்கையில் பழைய ஈயத்தை உறிஞ்சியினாலோ செப்புப் பின்னலினாலோ எடுத்துவிட்டுப் புதிதாக இடுவது நன்று.

நெசவாளர்க்கு வீடே தொழிற்கூடம். தறிக்குழியின் அருகிலேயே குழந்தை தவழ்கிறது. அதே கூடத்திலேயே உணவும் உண்ணப்படுகிறது. ஆதலின் வீட்டில் வைத்துக்கொள்ளும் கம்பி காரீயமில்லாததாகவே இருக்கட்டும். அதனைக் கையாளச் சற்று மிகுந்த சூடும் பழக்கமும் வேண்டும். பற்றும் அத்துணைப் பளபளப்பாயிராது. குழந்தையின் நலத்திற்கு முன் இவை பெரிதல்ல. 63க்கு 37 கம்பியைத் தனி இடமுள்ள பழுதுபார்க்கும் கூடத்தில் பயன்படுத்தலாம். கம்பியை வாயில் கவ்வுதல், வேலைக்கிடையே வெற்றிலை போடுதல் ஆகியவை கூடா. முடித்தபின் சோப்பிட்டுக் கைகழுவ வேண்டும். சிந்திய துளிகளை வயலிலோ கிணற்றருகிலோ எறியாமல் டப்பாவில் சேர்த்து வைக்க வேண்டும். இக்கம்பியால் சமையற் பாத்திரங்களின் ஓட்டையை அடைத்தல் அறவே கூடாது.

பற்றிடும் முறை

பழைய பாவின் இழைகளோடு புதிய பாவின் இழைகளைப் பிணைக்கும்போது, பிணைப்பு தன்வலியில் நிற்கிறதா என்று பார்க்கிறோம். அதுபோலவே கம்பிகளை முதலில் நன்கு முறுக்கிக்கொள்ள வேண்டும். ஈயம் இழுவிசையைத் தாங்கும் பொருளன்று. பின்பு செம்பைச் சுரண்டித் தூய்மை செய்து, ஈயம் தடவிய முனையால் இணைக்க வேண்டிய இரு பகுதிகளையும் ஒருங்கே தொட்டுச் சூடாக்குக. ஈயக்கம்பியை முனையில் உருக்கிச் சுமந்து சென்று அப்பாமல், சூடான செம்பின்மீதே வைக்க வேண்டும். செம்பின் சூட்டிலேயே அது உருகி ஓடினால் பற்று உண்டாயிற்று என்று அறியலாம். முதலில் ஈயக்கம்பியையும், அடுத்துக் கோலையும் எடுத்துவிட்டு, ஈயம் உறையும் வரை அசையாதிருக்க வேண்டும்.

நல்ல பற்று செம்பைத் தழுவிச் சரிந்து, ஓரம் மெலிந்து நிற்கும். தாமரையிலையில் நீர்போல் உருண்டு நிற்பது பொய்ப்பற்று. தொழிலாளர் இதனை டிரை சால்டர் என்பர். அதனை மீண்டும் சூடாக்கிச் செப்பனிட வேண்டும்.

நாம் தொடலாகாதவை

மின்சாரத்தையும் பாட்டரியையும் துண்டித்த பின்னரே கருவியைத் திறக்க வேண்டும். லித்தியம் பாட்டரியின் மேல் கோலை வைத்தால் அது வெடித்துத் தீப்பற்றக் கூடும். மும்முனை மின்சார ஸ்டார்ட்டர்ப் பெட்டியை உரிமம் பெற்ற மின்பணியாளரிடமே விட்டுவிடுக. வணிகத்திற்குரிய தராசின் முத்திரையை நாம் உடைத்தல் தகாது. 2009ஆம் ஆண்டுச் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி உரிமம் பெற்றவரே அதனைப் பழுதுபார்க்கலாம். பார்த்தபின் மீண்டும் முத்திரையிடுதல் வேண்டும். நூலும் பஞ்சும் கிடக்கும் இடத்தில் கோலைத் தாங்கியின்றி வைத்தல் தீயை அழைப்பதாகும்.

சேர்ந்து வாங்குதல்

வெப்பக் கட்டுப்பாடுள்ள கோல், உளிவாய் முனைகள், தாங்கி, ஈயம் உறிஞ்சி, கலவை குறித்த நல்ல கம்பி ஆகிய யாவற்றையும் ஒவ்வோர் அங்கத்தினரும் தனித்தனியே வாங்குவது எளிதன்று. விலைக்கஞ்சி ஒவ்வொருவரும் மட்டமான கோலையும் பெயரற்ற கம்பியையும் வாங்கினால், செலவு பன்மடங்காகும், பழுதும் தீராது. சங்கக் கட்டடத்தில், குழந்தைகள் வாராத, காற்றோட்டமுள்ள ஒரு மூலையில் இவற்றை ஒரு தொகுதியாக வாங்கி வைத்து, கைத்திறனுள்ள இளைஞர் இருவரைப் பழக்கிவிட்டால், ஊர் முழுமைக்கும் அது பயன்படும். பயன்படாத பழைய பலகைகளில் முதலில் பயிலட்டும். கை திருந்திய பின் தறிக்கும் தெளிப்பானுக்கும் வரட்டும்.

ஆகவே அடுத்த பொதுக்கூட்டத்தில் இதனை ஆலோசிக்குமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். கோல் வெப்பத்தைக் காக்கிறதா, முனை அகன்றதா, கம்பியின் கலவை குறிக்கப்பட்டுள்ளதா, உள்ளிருப்பது ரோசினா என்ற நான்கு கேள்விகளையும் கேட்டபின் பொருளை வாங்குக.